கருவிப் பிழை

என் மனைவியின் இதயம் நாலு மாதம் தாளம் தப்பி அடித்துக்கொண்டிருந்தது. அந்த நாலு மாதமும் அதைத் தினமும் அளந்து, தேதி போட்டு, நேரம் போட்டு, நீல மையில் குறித்து வைத்தவன் நான்தான். குறித்த கட்டத்துக்கு நான் கொடுத்திருந்த தலைப்பு ‘கருவிப் பிழை’. மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைத்து அவள் ஒரு பக்கம் செயலிழந்து விழுந்திருக்கலாம். விழவில்லை. அதில் என் பங்கு எதுவும் இல்லை. இதைப் படிக்கிறவர்கள் வீட்டிலும் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று இருக்கும். என்னைப் போல ஒரு கிழவனும் இருக்கக்கூடும். அதனால் எழுதுகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வயது எழுபத்துநான்கு. முப்பத்தோரு வருஷம் அணுசக்தி நகரில் குடியிருந்து, அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகு திலக் நகரில் நாலாவது மாடியில் வீடு. லிஃப்ட் கிடையாது. படிகள் அறுபத்தெட்டு. காலையில் நான் குடிக்கும் தண்ணீர் மூன்று டம்ளர், பூங்காவில் சுற்றும் சுற்று ஒன்பது, இரவில் எழுந்திருப்பது இரண்டு முறை, தேர்வுக் காலத்தில் மூன்று. தேர்வு எழுதுவது பேத்தி, எழுந்திருப்பது நான். அடுக்களையில் குக்கர் வைத்துவிட்டு விசில் எண்ணுவதை மட்டும் மனைவி என்னிடம் விட்டுவிடுவாள். நாற்பத்தாறு வருஷத்தில் அவள் என்னை நம்பி ஒப்படைத்த ஒரே காரியம் அது.

பூங்காவில் என்னோடு நடக்கும் நாலைந்து பேருக்கு நான்தான் மருத்துவம் விளக்குகிறவன். சர்க்கரை என்றால் என்ன, புரோஸ்டேட் ஏன் வீங்குகிறது, கண்புரை அறுவைக்கு எத்தனை நிமிடம், எல்லாம் சொல்வேன். படித்துவிட்டுத்தான் சொல்வேன். ஆனால் படித்ததெல்லாம் என் உடம்பைப் பற்றிய கவலையில் படித்தது. மற்றவர்கள் கேட்டதால் அது பொதுத்தொண்டு மாதிரி தெரிந்தது.

போன மே மாதம் எங்கள் பகுதி டாக்டர் என் கையில் பட்டையைக் கட்டிப் பார்த்துவிட்டு நூற்று அறுபத்திரண்டு, தொண்ணூற்று நான்கு என்றார். எனக்கு உள்ளங்கை வேர்த்தது. அந்த வேர்வையைப் பார்த்தே அவர் சொல்லிவிட்டார்: “அங்கிள், உங்களுக்கு இங்க வந்தாலே ஏறுது. வீட்ல ஒரு மிஷின் வாங்கி வெச்சு ஒரு வாரம் பாருங்க. அப்புறம் மாத்திரையப் பத்திப் பேசலாம்.”

சிலருக்கு மருத்துவரைக் கண்டதும் அழுத்தம் உயரும். வீட்டில் சாதாரணமாக இருக்கும். அதனால்தான் வீட்டில் அளக்கச் சொல்கிறார்கள். அளப்பதற்கு முறை உண்டு. அரை மணி நேரத்துக்கு முன்னால் காபி, டீ, நடை கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரக் கூடாது. முதுகுக்குச் சாய்மானம் வேண்டும், இரண்டு பாதமும் தரையில் பட வேண்டும், கால் மேல் கால் போடக் கூடாது. சட்டைக் கைக்கு மேலே பட்டையைக் கட்டாமல் வெறும் கையில் கட்ட வேண்டும். கை மேசையில் நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் சும்மா இருந்துவிட்டு, பேசாமல், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. காலையும் மாலையும், ஒரு வாரம். மேல் எண் இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது குழாய்ச் சுவரில் விழும் அழுத்தம். கீழ் எண் இதயம் தளரும்போது மிச்சமிருக்கும் அழுத்தம். அவ்வளவுதான். நான் ஒரு வாரத்துக்குப் பதிலாக ஆறு மாதம் பார்த்தேன். இரண்டு முறைக்குப் பதிலாக மூன்று முறை. நோட்டில் அடிக்கோல் வைத்துக் கட்டம் போட்டேன்.

எங்கள் பிரிவில் ஒரு பழக்கம் இருந்தது. எந்தக் கருவியாக இருந்தாலும், தெரியாத ஒன்றை அளக்கும் முன்னால் தெரிந்த ஒன்றை அளந்து பார்க்க வேண்டும். தெரிந்ததைச் சரியாகக் காட்டினால்தான் தெரியாததைப் பற்றி அது சொல்வதை நம்பலாம். அதற்காகவே வெல்வெட் பெட்டிக்குள் ஒரு எடைக்கல் வைத்திருந்தோம். அதைக் கையால் தொடக் கூடாது, உறை போட்டுக்கொண்டுதான் எடுப்போம். அது மாறவே மாறாது. வீட்டில் அப்படி ஒரு பொருளுக்கு எங்கே போவது? யோசித்தபடி அடுக்களையைப் பார்த்தேன். மனைவி சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு வயது எழுபத்தொன்று. பிரசவத்துக்கு இரண்டு முறை போனதைத் தவிர ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்ததில்லை. மாதுங்கா மார்க்கெட்டுக்குப் போய் இரண்டு கையிலும் பை தூக்கிக்கொண்டு வந்து, அறுபத்தெட்டுப் படியையும் எனக்கு முன்னால் ஏறிக் கதவைத் திறந்து நிற்பவள்.

“கையத் தொடச்சிட்டு இங்கன வந்து உக்காரு. ப்ரெஷர் பாக்கணும்” என்றேன்.

“எனக்கு என்னத்துக்கு? எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே.”

“அதுக்காகத்தான்.”

“ஒண்ணும் இல்லன்னு பாக்கதுக்கா ஒரு மிஷின் வாங்கினீங்க?”

அப்படித்தான் அது தொடங்கியது. தினமும் காலையில் முதலில் அவள், அடுத்து நான். ஜூன் முழுவதும் அவளுக்கு நூற்றுப் பதினெட்டு, எழுபத்தாறு. ஒன்று கூடும், இரண்டு குறையும். நாடித் துடிப்பு எழுபத்திரண்டு. எடைக்கல்லேதான். எனக்குத் திருப்தியாக இருந்தது. அவள் உடம்பு நன்றாக இருக்கிறதே என்று அல்ல. கருவி நன்றாக இருக்கிறதே என்று.

ஜூலையில் மழை பிடித்த இரண்டாவது வாரம் எடைக்கல் ஆடத் தொடங்கியது. ஒரே உட்காரலில் நூற்று முப்பத்தொன்று, நூற்று ஒன்பது, நூற்று நாற்பத்திரண்டு. துடிப்பு தொண்ணூற்றாறு, எழுபத்தொன்று, நூற்றுப் பதினெட்டு. திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு இதயப் படம் மினுக்கியது. கருவியோடு வந்த புத்தகத்தை எடுத்தேன். அளக்கும்போது பேசினாலோ அசைந்தாலோ அந்தப் படம் வரலாம், தொடர்ந்து வந்தால் மருத்துவரைக் கேளுங்கள் என்று போட்டிருந்தது. முதல் பாதியை மட்டும் அடிக்கோடிட்டேன்.

“நீ பேசுத. அதான் குதிக்குது. பேசாம இரு.”

“நான் எங்க பேசினேன்? பேசாம இருந்தா எனக்கு உக்காந்தபடியே தூக்கம்லா வருது.”

மறுநாள் பேசவில்லை. அப்படியே தூங்கிவிட்டாள். காலை ஏழரை மணிக்கு, எழுந்து ஒன்றரை மணி நேரம் ஆன மனுஷி, நாற்காலியில் உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் தலை சாய்கிறாள் என்றால் அது என்ன என்று நான் கேட்டிருக்க வேண்டும். ‘பேசவில்லை, ஆனாலும் பிழை’ என்று எழுதினேன்.

பிறகு நான் செய்தது, எங்கள் பிரிவின் வழக்கப்படி, காரணங்களை ஒவ்வொன்றாக விலக்குவது. பேட்டரி மாற்றினேன். மேசை மாற்றினேன். மின்விசிறியை நிறுத்தினேன். கைபேசியை அடுத்த அறையில் வைத்தேன். வரிசையை மாற்றி என்னை முதலில் அளந்தேன். எனக்கு ஒழுங்காகக் காட்டியது, அவளுக்குக் குதித்தது. இடது கையை விட்டு வலது கையில் கட்டினேன். எல்லாவற்றையும் விலக்கினேன், ஒன்றைத் தவிர. வெல்வெட் பெட்டிக்குள் இருக்கும் எடைக்கல்லின் மேல் யாரும் சந்தேகப்படுவதில்லை.

கருவியைத் தூக்கிக்கொண்டு மழையில் பஸ் ஏறி சயானில் இறங்கி, தாராவிக்கு நடந்தேன். தொண்ணூறு அடிச் சாலையில் மருந்துக் கடை வைத்திருப்பவர் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். என்னைவிட இருபது வயது சின்னவர். கருவி அவரிடம் வாங்கியதுதான்.

“என்ன அண்ணாச்சி, மிஷினு சேட்டை பண்ணுதா?”

“ஆளு மாறினா குதிக்குது தம்பி. எனக்கு ஒழுங்காக் காட்டுது. வீட்டுக்காரிக்குப் பாத்தா நூத்திப் பத்துங்குது, அடுத்த நிமிசம் நூத்தி நாப்பதுங்குது.”

“அப்ப உங்க கைக்கு நல்லாத்தான் இருக்கு.”

“ஆமா.”

“அக்கா கைக்குத்தான் சரியில்ல.”

“அதத்தான சொல்லுதேன்.”

அவர் பக்கத்தில் நின்ற ஆளிடம், “ஏக் மினிட், பாய்” என்றுவிட்டு என் பக்கம் குனிந்தார். “மிஷினுக்கு உங்களையும் தெரியாது, அக்காவையும் தெரியாது அண்ணாச்சி. அதுக்கு எல்லாக் கையும் கைதான். அக்காவ ஒருக்கா டாக்டர்ட்ட காட்டிட்டு வாங்களேன்.”

எனக்குக் கோபம் வந்தது. முப்பத்தோரு வருஷம் கருவிகளோடு இருந்தவனுக்கு மருந்துக் கடையில் பாடம். அந்தக் கோபத்தை அவரும் பார்த்திருக்க வேண்டும். மறுபேச்சில்லாமல் வேறு கருவி எடுத்துக் கொடுத்தார். மூன்று வாரம் கழித்து, அவள் கை மெலிந்த கை, பட்டை பெரிதாக இருக்கிறது என்று சொல்லிச் சின்னப் பட்டை வாங்கி வந்தேன். செப்டம்பரில் வேறு கம்பெனிக் கருவிக்கு மாற்றிக்கொண்டேன். அப்போது அவர் சொன்னார்: “இனிமே மாத்தணும்னா அண்ணாச்சி, அக்காவத்தான் மாத்தணும்.” கடையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு பஸ் ஏறி வந்துவிட்டேன்.

இந்த இடத்தில் படிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் எனக்கு அதிக வெட்கம். ஆகஸ்டு தொடங்கி, வெளியே போய்விட்டு வந்தால் அவள் இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றுவிடுவாள். “நீங்க முன்ன போங்க, நான் மெதுவா வாரேன். காலு ஒளையுது.” கால் வலி என்று அவள் சொன்னாள், நின்றது மூச்சு வாங்குவதற்கு. நான் முன்னால் போவேன். போய்க் கதவைத் திறந்து, கடிகாரத்தைப் பார்த்து, நோட்டில் எழுதுவேன்: ‘இன்று நான் முதலில். 2 நிமிடம் 10 வினாடி.’ அடுத்த வாரம்: ‘மறுபடியும் நான் முதலில்.’ பூங்காவில் சொன்னேன், ஒன்பது சுற்று நடப்பதன் பலன் தெரிகிறது, இப்போதெல்லாம் என் மனைவியே என் வேகத்துக்கு வர முடியவில்லை என்று. அவர்கள் பாராட்டினார்கள்.

நவம்பரில் என் ஆறு மாதப் பார்வைக்கு டாக்டரிடம் போனேன். சின்ன வயதுப் பெண் டாக்டர். அப்பா அம்மா நம்மூர்க்காரர்கள், அவர் செம்பூரில் பிறந்து வளர்ந்தவர். நோட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். மூன்று நோட்டு, தேதி வாரியாக. கொஞ்சம் பெருமையாகத்தான் வைத்தேன்.

அவர் என் கட்டங்களை விரலால் மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டே போனார். “உங்களோடது ஃபைன் அங்கிள். வீட்ல நூத்தி இருபத்தெட்டு, முப்பத்திரண்டு, அப்படித்தான் இருக்கு. மாத்திரை இப்போ வேண்டாம். உப்பக் குறைங்க, நடங்க. இவ்வளவு எழுத வேண்டாம்.”

ஆறு மாத உழைப்புக்கு அது கொஞ்சம் சின்ன முடிவாகப் பட்டது. நோட்டை மூடக் கை நீட்டினேன். அவர் விரல் வலது பக்கம் நகர்ந்தது. நகர்ந்து நின்றது. முந்தைய பக்கத்துக்குப் போனது. அதற்கு முந்தைய பக்கத்துக்கும்.

“இந்தக் கட்டம் என்ன?”

“அத விடுங்க டாக்டர். அது பிழை.”

“யாரோட பிழை?”

“கருவியோட பிழை. மேல எழுதியிருக்கேனே.”

“எனக்குத் தமிழ் பேசத்தான் வரும் அங்கிள். படிக்க வராது. நம்பர் மட்டும்தான் தெரியுது.” அவர் நிமிரவில்லை. “பல்ஸ் நூத்திப் பதினெட்டு, அடுத்தது எழுபத்தொண்ணு, அடுத்தது நூத்தி நாலு. மூணு நிமிஷத்துக்குள்ள. தினம் இப்படி இருக்கு. யார் இந்த பேஷண்ட்?”

“பேஷண்ட் இல்ல. என் வீட்டுக்காரி.”

“ஆன்ட்டி எங்க இருக்காங்க? இப்போ கூட்டிட்டு வர முடியுமா?”

தலைப்பைப் படிக்கத் தெரிந்திருந்தால் அவரும் அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போயிருக்கலாம். செம்பூரில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து தெரியவில்லை என்று அவர் பெற்றோரிடமே ஒரு முறை நான் குறைப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு அந்த அறையில் எழுத்துத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். எண்களைப் பார்த்த ஒரே ஆள் அவர்.

வீட்டுக்கு ஓடினேன். அறுபத்தெட்டுப் படியையும் எங்கும் நிற்காமல் ஏறினேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, என்ன இப்படி மேமூச்சு கீழ்மூச்சு வாங்குது? ப்ரெஷர் கூடிப்போச்சா? டாக்டர் என்ன சொன்னாவ? மொதல்ல உக்காருங்க. தண்ணி கொண்டாரேன்.”

அவள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்துவிட்டுத்தான் சொன்னேன். “எனக்கு ஒண்ணும் இல்ல. உன்னையக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க.”

“என்னையா? நான் என்ன செஞ்சேன்?”

ரிக்‌ஷா பிடித்து அவளைக் கூட்டிப்போனேன்.

டாக்டர் முதலில் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. அவள் மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே மூன்று விரல் வைத்து ஒரு முழு நிமிடம் இருந்தார். பிறகு என் விரலை எடுத்து அதே இடத்தில் வைத்தார். “நீங்களே பாருங்க அங்கிள்.” பார்த்தேன். இரண்டு துடிப்பு நெருக்கி வந்தது, ஒன்று காணாமல் போனது, அடுத்து நாலு அவசரமாக ஓடியது, மறுபடியும் ஒரு பள்ளம். எந்த இரண்டுக்கும் இடையில் ஒரே இடைவெளி இல்லை. எண்ண ஆரம்பித்து இருபத்தேழில் தவறிவிட்டேன். மூன்று கருவி மாற்றி நான் கண்டுபிடிக்காததை மூன்று விரல் சொல்லிவிட்டது. இதற்குப் பணம் வேண்டாம், பேட்டரி வேண்டாம். வயதானவர்கள் வீட்டில் எப்போதாவது ஒருவர் நாடியை ஒருவர் இப்படிப் பிடித்துப் பாருங்கள். ஒழுங்காக இருந்தால் அரை நிமிடம் எண்ணி இரட்டித்தால் போதும். ஒழுங்கு தப்பினால் முழு நிமிடம் எண்ண வேண்டும், பிறகு டாக்டரிடம் போக வேண்டும்.

அடுத்து ஈ.சி.ஜி. நெஞ்சிலும் கை கால்களிலும் ஒட்டுவில்லைகளை ஒட்டி, இதயத்தின் மின்னோட்டத்தைக் காகிதத்தில் கோடாக வாங்குவது. வலி கிடையாது. உடம்புக்குள் மின்சாரம் எதுவும் போகாது, உடம்பிலிருந்து வருவதைத்தான் எடுக்கிறார்கள். திரைக்குப் பின்னால் ஒரு நர்ஸ்தான் ஒட்டினார். ஐந்து நிமிடத்தில் காகிதம் வந்தது. ஒழுங்கான இதயத்தில் பெரிய கோட்டுக்கு முன்னால் சின்னதாக ஒரு மேடு வரும். மேல் அறை சுருங்குவதன் அடையாளம் அது. அவள் காகிதத்தில் அந்த மேடே இல்லை. அந்த இடத்தில் கோடு நடுங்கிக்கொண்டிருந்தது.

டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து விளக்கினார். இதயத்தில் மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. மேல் அறை அமுக்கி இரத்தத்தைக் கீழே தள்ள வேண்டும், கீழ் அறை உடம்புக்குத் தள்ள வேண்டும். ஆன்ட்டிக்கு மேல் அறை அமுக்காமல் நடுங்குகிறது. அதனால் கீழ் அறைக்கு வரும் சேதி தாறுமாறாக வருகிறது, துடிப்பும் தாறுமாறாகிறது. களைப்பு, மூச்சு வாங்குதல், படபடப்பு இருக்கலாம். பலருக்கு ஒன்றுமே தெரியாது. அதைவிடப் பெரிய ஆபத்து, தள்ளப்படாத இரத்தம் மேல் அறையின் ஒரு மூலையில் தேங்குவது. தேங்கினால் கட்டியாக உறையும். அந்தக் கட்டி நகர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம்.

நான் நோட்டை எடுத்து எழுதத் தொடங்கினேன். அவள் கேட்டாள்: “மழைக்கு மொட்டமாடில ஓடாம ஒரு மூலைல நிக்கற தண்ணி பாசி புடிக்குமே, அப்படியா டாக்டர்?”

“அதேதான் ஆன்ட்டி. பாசி பிடிக்காம பாத்துக்க ஒரு மாத்திரை. வேகத்தைக் குறைக்க ஒரு மாத்திரை.”

“எவ்வளவு நாளா எனக்கு இப்படி இருந்திருக்கும்?”

டாக்டர் என் நோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நல்ல பெண், என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான்தான் சொன்னேன். “ஜூலை பன்னெண்டு. காலைல ஏழு முப்பத்தஞ்சுல இருந்து.”

மனைவி என் பக்கம் திரும்பினாள். “நேரம் வரைக்கும் தெரியுதே உங்களுக்கு” என்றாள். நாற்பத்தாறு வருஷத்தில் அவள் என்னைத் திட்டியதற்கெல்லாம் கணக்கு உண்டு. அந்த ஒரு வாக்கியத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று இன்றுவரை தெரியவில்லை.

இதய நிபுணரிடம் அனுப்பினார்கள். தைராய்டு அதிகமானாலும் இப்படித் தாளம் தப்பும் என்பதால் இரத்தம் எடுத்தார்கள். தைராய்டு சரியாக இருந்தது. எக்கோ எடுத்தார்கள். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு வயிற்றில் குளிர்ந்த பசை தடவிப் பார்ப்பார்களே, அதே மாதிரிக் கருவி, நெஞ்சின் மேல். வால்வுகள் நன்றாக இருந்தன. இடது மேல் அறை கொஞ்சம் பெருத்திருந்தது. சிலருக்கு மின் அதிர்ச்சி கொடுத்துத் தாளத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள், ஆனால் அதற்கு முன்னால் சில வாரமாவது உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் கட்டி கிளம்பிவிடும் என்றார் நிபுணர். இவளுக்கு இப்போதைக்கு மாத்திரை போதும், பிறகு பார்க்கலாம் என்று முடிவானது.

உறையாமலிருக்கும் மாத்திரையை எல்லாரும் இரத்தத்தைத் தண்ணியாக்கும் மாத்திரை என்கிறார்கள். “தண்ணியாச்சுன்னா சோகை வராதா?” என்று அவள் கேட்டாள். இரத்தம் தண்ணீர் ஆவதில்லை. உறைவது தாமதமாகிறது, அவ்வளவுதான். ஆனால் வெட்டுக்காயம் பட்டால் இரத்தம் நிற்கக் கூடுதல் நேரம் ஆகும். ஈறில் கசியலாம், தோலில் கன்றலாம். மலம் கறுத்தாலோ தலையில் அடிபட்டாலோ உடனே காட்ட வேண்டும். மூட்டு வலிக்கு நாமாகக் கடையில் வாங்கி மாத்திரை போடக் கூடாது. பல் பிடுங்கப் போனால் முதலில் சொல்ல வேண்டும். வேளை தவறக் கூடாது. நன்றாகத்தானே இருக்கிறது என்று நாமாக நிறுத்தக் கூடாது.

மாத்திரை வாங்கி வந்த அன்று மாலை, சர்ச்சில் நடக்கும் பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்கு வரவில்லை என்று சொல்ல அவள் ஒரு தோழிக்கு ஃபோன் செய்தாள். நான் அடுத்த அறையிலிருந்து கேட்டேன். “நெஞ்சுல மேல் ரூம்பு நடுங்குதாம். ரத்தம் ஒரு மூலைல நின்னு போகுமாம். கட்டி ஆகாம இருக்க மாத்திர தந்திருக்காவ. வேற ஒண்ணும் இல்ல… இவுக எப்படி இருக்காவளா? இவுகளுக்கு என்ன, நல்லா இருக்காவ.” பூங்காவில் நான் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும் விளக்கம். அவள் குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் முடித்துவிட்டாள்.

மாத்திரை எவ்வளவு தடுத்தாலும் ஆபத்து முழுக்கப் போய்விடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பக்கவாதத்தின் அடையாளம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றார். சிரிக்கச் சொன்னால் வாய் ஒரு பக்கம் கோணும். இரண்டு கையையும் நீட்டித் தூக்கிப் பத்து எண்ணும் வரை வைத்திருக்கச் சொன்னால் ஒரு கை தானாக இறங்கும். ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னால் நாக்குக் குழறும். திடீரென்று இதில் ஒன்று வந்தாலும் ஒரு நிமிடம் தாமதிக்காமல், மூளை ஸ்கேன் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இது சந்தேகம் வரும்போது பார்க்க வேண்டியது. தினமும் பார் என்று யாரும் சொல்லவில்லை. நான் தினமும் பார்த்தேன். காலை ஏழு முப்பத்தைந்துக்கு.

“சிரி.”

“இந்த மூஞ்சியப் பாத்தா எப்படிச் சிரிக்கது?” என்பாள். ஆனால் சிரிப்பாள். கையைத் தூக்குவாள். வாக்கியம் அவள் இஷ்டம். முதல் நாள், “உங்க சட்டைல பட்டன் மாத்திப் போட்டிருக்கீங்க.” பார்த்தேன், மாற்றித்தான் போட்டிருந்தேன். குழறல் இல்லை என்று எழுதினேன். இரண்டாம் நாள், “இன்னிக்கு நீங்க போயி வெண்டைக்கா வாங்கிட்டு வாங்க, முத்தினத வாங்கினா திரும்ப நடக்க விடுவேன்.” குழறல் இல்லை. ஐந்தாம் நாள், “இந்தப் பரீட்சைல நான் பாஸா ஃபெயிலா சொல்லுங்க சார்வாள்.” குழறல் இல்லை. மாத்திரை தொடங்கிப் பத்து நாளில் துடிப்பின் வேகம் குறைந்தது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் நிற்பது குறைந்தது. நான் இப்போது அவளுக்குப் பின்னால்தான் ஏறுகிறேன்.

பதினோராம் நாள் காலை. சிரித்தாள், வாயின் இரண்டு ஓரமும் ஒரே உயரம். கையைத் தூக்கினாள், நான் எண்ண ஆரம்பித்தேன். “வாக்கியம்” என்றேன்.

“ராத்திரி படுக்கும்போது, காலைல எந்திரிக்கும்போது ஒரு கை வராமப் போயிருமோன்னு எனக்குப் பயமா இருக்குங்க.”

தெளிவாகச் சொன்னாள். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. நான் பேனாவை எடுத்து, ‘குழ’ வரைக்கும் எழுதினேன். அப்புறம்தான் அவள் சொன்னது காதில் விழுந்தது.

அவளுக்கு எதற்கும் பயம் என்று நான் கேள்விப்பட்டதில்லை. மூடப்போன ரயில் கதவில் கை வைத்து ஏறினவள். என் பயங்களை எண்ணிக்கொண்டிருந்ததில் அவளுக்கு ஒன்று இருக்க இடம் விடவில்லை போல. மாத்திரை ஒழுங்காகப் போகிறது, எக்கோ நன்றாக இருக்கிறது, டாக்டர் என்ன சொன்னார் என்றால் என்று ஆரம்பித்தேன்.

“அதெல்லாம் எனக்கும் தெரியும். நானும்தான பக்கத்துல உக்காந்து கேட்டேன். பயமா இருக்குன்னு சொன்னேன், அவ்வளவுதான். கைய எறக்கவா, இன்னும் எண்ணுதீங்களா?”

“எறக்கு.”

இறக்கிய கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். நாடி பார்க்கிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வெளியே பள்ளிக்கூட வேன் ஹாரன் அடித்தது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஒரு நிமிடத்துக்கு மேலேயே இருந்திருக்கும்.

“எவ்வளவு இருக்கு?” என்றாள்.

“எழுபத்தெட்டு” என்றேன், எண்ணாமலே.